இரவு பத்து மணி லாயம்

காலை ஆறு மணிக்கு ஒலிவாங்கியின் முன் உட்காரும் எந்த அறிவிப்பாளருக்கும் மனத்தில் ஒரு நேயர் இருப்பார். எனக்கு இருந்தவர் ஓர் அம்மா. ஷா ஆலமிலோ பட்டர்வொர்த்திலோ, அடுப்பில் சட்டி காய, ஒரு கையால் பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டே நான் சொல்லும் சாலை நெரிசலைக் கேட்பவர். ஆறு ஆண்டுகளாக அவருக்காகத்தான் பேசி வந்தேன்.

சென்ற ஆண்டு நடுவில் பல்கலைக்கழகத் தோழி ஒருத்தி அனுப்பிய குரல்பதிவு அந்த அம்மாவைக் கொஞ்சம் தள்ளி உட்கார வைத்துவிட்டது. "நீ தினமும் காலைல கத்துறியே, அதை மூணு குதிரைங்க கேட்குதுங்க. தெரியுமாடி உனக்கு?"

அவள் ஈப்போக்காரி. ஐஸ்லாந்துக்காரரை மணந்து, தலைநகர் ரெய்க்யவிக்கில் முதியோர் இல்லம் ஒன்றில் இயன்முறை மருத்துவராக வேலை செய்கிறாள். நமக்கும் அவர்களுக்கும் எட்டு மணி நேர வித்தியாசம். எனக்குக் காலை ஆறு என்றால் அவளுக்கு முந்தின நாள் இரவு பத்து. அந்தப் பத்து மணிக்குத்தான் அவள் குதிரை லாயத்துக்குப் போய்க் கடைசித் தீவனம் வைப்பாளாம். கைப்பேசியைச் சன்னல் விளிம்பில் வைத்து எங்கள் வானொலியின் செயலியைத் திறந்துவிடுவாளாம். "உன் குரல் வந்தா கிழவி காதை ஆட்டும்" என்றாள். கிழவி என்றது 24 வயதுப் பெண்குதிரையை.

எனக்கு 34 வயது. நாலு வயதில் மகன். தினமும் நாலு மணிக்கு எழுகிறேன். பிள்ளை எழும்போது நான் வீட்டில் இருப்பதில்லை. பிள்ளை தூங்கும்போது நானும் தூங்கியாக வேண்டும். இதோடு இன்னொரு செடி வளர்க்கச் சொன்னால்கூட அழுதுவிடுவேன். இவள் வேலை, பிள்ளை, குடும்பம், மூன்று குதிரை, அதுவும் ஐஸ்லாந்துக் குளிரில். எப்படி என்று பார்த்தே ஆக வேண்டும் எனத் தோன்றியது. டிசம்பர் 26ஆம் தேதி, மகனைக் கணவரிடமும் கிள்ளானிலிருந்து வந்து தங்கிய என் அம்மாவிடமும் விட்டுவிட்டுத் தனியாகப் புறப்பட்டேன். "பிள்ளையை விட்டுட்டுக் குதிரை பார்க்கப் போறாளாம்" என்று அத்தை ஒருவர் குடும்பப் புலனக் குழுவில் போட்டதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

குதிரைகளுக்கு ஒரு தாமான்

கெப்லவிக் விமான நிலையத்தில் இறங்கியபோது காலை ஒன்பது மணி. வெளியே நடுநிசி. தோழி சொன்ன முதல் வார்த்தை வணக்கமும் இல்லை, பசியாறினாயா என்பதும் இல்லை. "கார் கதவை ரெண்டு கையாலயும் பிடிச்சுத் திற. காத்து பிச்சுக்கிட்டுப் போயிடும்." மிகையாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை.

64 பாகை வட அட்சரேகையில் இருக்கும் ஊர் அது. டிசம்பர் கடைசியில் சூரியன் பதினொன்றே காலுக்கு மேல்தான் எழுகிறது, மூன்றரைக்கெல்லாம் இறங்கிவிடுகிறது. எழுகிறது என்பதும் மரியாதைக்குச் சொல்வதுதான். அடிவானத்தை ஒட்டி ஊர்ந்துவிட்டுப் போகிறது. ஆனால் நான் பயந்த அளவுக்குக் குளிர் இல்லை. நகரத்தில் வெப்பநிலை சுழியத்தை ஒட்டியே மேலும் கீழுமாக ஆடுகிறது. அதுதான் தொல்லை என்றாள் தோழி. "மைனஸ் பத்து பரவால்ல. ரெண்டு டிகிரில மழையும் காத்தும் சேர்ந்து வந்தாத்தான் குதிரைக்கு ஆகாது."

காரணம் அதன் முடி. குளிர்காலத்தில் ஐஸ்லாந்துக் குதிரை கரடிக்குட்டி மாதிரி ஆகிவிடுகிறது. விரலை நுழைத்தால் மறைந்துவிடும். உலர்ந்திருக்கும்வரை அந்த முடிகளுக்கிடையில் காற்று தங்கி உடல் சூட்டைக் காக்கும். நனைந்து படிந்துவிட்டால் காப்பு போச்சு. அதனால்தான் சவாரியில் வேர்த்த குதிரையை அப்படியே வெளியே விடக் கூடாது. உலரும்வரை உள்ளே நிறுத்தித் துடைக்க வேண்டும். அரை மணி நேரச் சவாரிக்கு முன்னும் பின்னுமாக ஒன்றரை மணி நேர வேலை.

முதல் நாள் மாலையே வீதிதாலூருக்கு அழைத்துப் போனாள். நகரத்தின் கிழக்கு ஓரத்தில், ஓர் ஆற்றங்கரைப் பள்ளத்தாக்கு. நம் ஊர்த் தாமானைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்: வரிசை வரிசையாக ஒட்டு வீடுகள், தெருவிளக்குகள், வாசலில் கார்கள். உள்ளே வசிப்பவை மட்டும் குதிரைகள். குதிரைகள் நடக்கத் தனிப் பாதை உண்டு. கூரை போட்ட சவாரி மண்டபம் உண்டு. பக்கத்திலேயே விலங்கு மருத்துவமனையும் இருக்கிறது. 1922இல் தொடங்கப்பட்ட ஃபௌகுர் என்ற குதிரையாளர் சங்கத்தின் இடம் இது. இங்கே குதிரை வைத்திருப்பவர்கள் பண்ணைக்காரர்கள் இல்லை. ஆசிரியர், மின்பணியாளர், வங்கி ஊழியர், தாதி. கோடையிலும் இலையுதிர் காலத்திலும் குதிரைகள் கிராமத்துப் புல்வெளியில் கிடக்கும். ஆண்டு முடியும் நேரத்தில் நகரத்துக்குக் கொண்டுவந்து, லாடம் அடித்து, இளவேனில் முடியும்வரை சவாரி செய்வார்கள். குளிர்காலத்தில் எல்லாவற்றையும் மூடிவைப்பார்கள் என்று நினைத்துப் போனேன். அவர்களுக்கோ குளிர்காலம்தான் பருவம்.

மக்கள்தொகை நாலு லட்சத்தைத் தொடாத அந்த நாட்டில் எழுபது, எண்பதாயிரம் குதிரைகள் இருக்கின்றன என்கிறார்கள். உயரம் அதிகமில்லை, என் நெஞ்சளவு. மட்டக்குதிரை என்று மட்டும் சொல்லிவிடாதே, சண்டைக்கு வருவார்கள் என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தாள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குடியேறிகள் கப்பலில் கொண்டுவந்த குதிரைகளின் வழி அவை. மற்ற பெரும்பாலான குதிரைகளுக்குத் தெரியாத 'தொல்ட்' என்றொரு நடை அவற்றுக்கு உண்டு. கையில் தளும்பத் தளும்பக் கோப்பையை வைத்துக்கொண்டு, சிந்தாமல் ஓட்டிக் காட்டுவார்கள்.

அந்த இனத்தைக் காக்க ஒரு கடுமையான சட்டம் இருக்கிறது. வெளிநாட்டுக் குதிரை எதுவும் ஐஸ்லாந்துக்குள் வரக் கூடாது. வெளியே போன ஐஸ்லாந்துக் குதிரையும் திரும்பி வரக் கூடாது. அங்கே இல்லாத நோய் எதுவும் நுழைந்துவிடக் கூடாது என்பதுதான் காரணம். வேறு நாட்டில் பயன்படுத்திய சேணம், கடிவாளம்கூடக் கொண்டுவர முடியாது. ஈராண்டுக்கு ஒருமுறை வெளிநாட்டில் நடக்கும் ஐஸ்லாந்துக் குதிரைகளுக்கான உலகப் போட்டிக்குத் தன் குதிரையோடு போகும் வீரர், வென்றாலும் தோற்றாலும் அதை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு ஊர் திரும்புகிறார்.

"நான் எப்ப வேணும்னாலும் ஈப்போ போகலாம், வரலாம்" என்றாள் தோழி, வாளியைக் கழுவிக்கொண்டே. "இதுங்க போனா போனதுதான்."

மூன்று வேளைக் கஞ்சி

மூன்று குதிரைகளில் கிழவியின் பெயர் கிரானா. சாம்பல் நிறத்தவள் என்று பொருள். தோழி அதை மயிலை என்கிறாள். நம் பக்கத்தில் சாம்பல் மாட்டுக்கு அதுதானே பெயர். மாமியாரின் குதிரை அது. மாமியார் போன வசந்தத்தில் இறந்துவிட்டார்.

வயதான குதிரையை இலையுதிர் காலத்திலேயே முடித்துவிடுவதுதான் அங்கே வழக்கம். அதைக் கொடுமையாக யாரும் பார்ப்பதில்லை. பல் தேய்ந்த குதிரையைக் குளிர்காலத்துக்குள் தள்ளுவதுதான் கொடுமை என்பார்கள். கிரானாவுக்குக் கடைவாய்ப் பற்கள் அனேகமாகப் போய்விட்டன. புல்லை மென்று, விழுங்க முடியாமல் உருண்டையாகத் துப்பிவிடுகிறது. குதிரையின் உடல் சூடு அடுப்பில் இருந்து வருவதில்லை; பின்குடலில் நார்ச்சத்து புளித்து நொதிக்கும்போதுதான் சூடு பிறக்கிறது. குளிர் கூடினால் புல்லைக் கூட்ட வேண்டும் என்பதற்குக் காரணம் அதுவே. புல் தின்ன முடியாத குதிரைக்கு அடுப்பே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காகத்தான் கஞ்சி. அரைத்து அழுத்திய புல்குச்சிகளைக் கெட்டிலில் சுடவைத்த நீரில் ஊறவைத்து, கையால் பிசைந்து, கட்டி இல்லாமல் வைக்க வேண்டும். காலை ஆறு, மாலை ஐந்து, இரவு பத்து. குழாயில் வரும் வெந்நீர் எதற்கும் ஆகாது. பூமிக்கடியிலிருந்து வருவது, முட்டை வாடை அடிக்கும். குளிக்கும்போது எனக்கு முதல் இரண்டு நாள் ஆம்லெட் ஞாபகமாகவே இருந்தது. நாட்டில் பத்தில் ஒன்பது வீட்டுக்கு அந்த வெந்நீர்தான் சூடு தருகிறது. அதனால் வீட்டுக்குள் அரைக்கை சட்டையோடு திரிகிறார்கள்.

தண்ணீர்தான் பெரிய கவலை. குளிரில் குதிரை தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். குடிக்காவிட்டால் குடலில் தீவனம் இறுகி வயிற்றுவலி வரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றுவலியே அதைக் கொன்றுவிடலாம். தோழி தினமும் முதலில் பார்ப்பது குதிரையின் முகத்தை இல்லை, வாளியில் எத்தனை விரற்கடை இறங்கியிருக்கிறது என்பதை. அடுத்தது தரையில் லத்தி விழுந்திருக்கிறதா, எத்தனை குவியல், ஈரமா வறட்சியா. கைக்குழந்தை வைத்திருந்த நாளில் நான் போட்ட கணக்கு இதேதான்.

அவளுடைய நாள் இப்படி ஓடுகிறது. ஐந்தரைக்கு எழுகிறாள். ஆறு மணிக்கு லாயம்: கஞ்சி, புல், ஈரமான மரச்சீவலை வாரித் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொட்டுதல். எட்டு மணிக்கு வேலை. மகளைப் பள்ளிக்கு அனுப்புவதும் அழைத்து வருவதும் கணவர் வேலை. ஐந்து மணிக்கு மறுபடி லாயம். மற்ற இரண்டு குதிரைகளில் ஒன்றுக்காவது சவாரி கொடுக்க வேண்டும். இருட்டில்தான். மேலே ஒளிர்பட்டைச் சட்டை, குதிரையின் கால்களிலும் ஒளிர்பட்டை, லாடத்தில் பனிக்கட்டியில் வழுக்காமல் இருக்க இரும்பு முளை. வீட்டுக்கு வந்து சமையல், மகளின் பாடம். பத்து மணிக்கு மூன்றாவது தடவை, என் குரலோடு.

ஐஸ்லாந்தில் 2015 வாக்கில் தொடங்கிய சோதனைகளுக்குப் பிறகு பலருக்கு வேலை வாரத்துக்கு 35, 36 மணி நேரமாகக் குறைந்திருக்கிறது. பிள்ளை பிறந்தால் தாய்க்கு ஆறு மாதம், தகப்பனுக்கும் ஆறு மாதம் விடுப்பு. நம் நாட்டில் 2023 முதல் தாய்க்கு 98 நாள், தகப்பனுக்கு 7 நாள் என்று கிடைத்ததற்கே நாம் எவ்வளவு மகிழ்ந்தோம். இதைச் சொல்லி நான் பெருமூச்சு விட, தோழியின் கணவர் சிரித்தார். அரசாங்கம் கொடுத்த நாலு மணி நேரத்தை இந்த வீட்டில் குதிரை தின்றுவிட்டது என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமான சிரிப்பு. என் வீட்டிலும் ஒருவர் "காலை நிகழ்ச்சி" என்ற சொல்லை அப்படித்தான் சிரித்துக்கொண்டு சொல்வார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர்களின் ஏழு வயது மகளுக்குக் குதிரை பிடிக்காது. வாடை பிடிக்கவில்லையாம். கைப்பந்து விளையாடத்தான் ஆசை. குதிரையோடு வளரும் பிள்ளை என்று நாம் படத்தில் பார்ப்பதெல்லாம் படம்.

"மாட்டை யாரு பாக்குறது?"

மூன்றாம் நாள் இரவு ஈப்போவிலிருந்து அழைப்பு வந்தது. தோழியின் அம்மா நவம்பரில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தவர். அறுவை சிகிச்சை முடிந்து அண்ணன் வீட்டில் இருக்கிறார். நடை பழக வேண்டும். மகளோ ஊர்ப் பெரியவர்களுக்கெல்லாம் நடை பழக்குவதையே தொழிலாகச் செய்கிறவள். அண்ணன் அதிகம் பேசவில்லை. "அம்மாவைப் பார்க்க வர நேரமில்ல உனக்கு. குதிரைக்குக் கஞ்சி காய்ச்ச நேரமிருக்கு" என்றார். ஒலிபெருக்கியில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

அவள் பதில் சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு லாயத்துக்குக் கிளம்பினாள். நானும் போனேன். கஞ்சியைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "மூணு வாரம் போனா இவ செத்துடுவாடி. அவர் ஒரு வேளை செய்வார், ரெண்டு வேளை செய்வார். மூணு வேளை, மூணு வாரம்? வேலை இருக்கு, பிள்ளை இருக்கு." கொஞ்ச நேரம் கழித்து, "அத்தை போறப்ப இவளை என் கையில குடுத்துட்டுப் போனாங்க" என்றாள்.

எனக்கு என் பாட்டி ஞாபகம் வந்தார். கோல சிலாங்கூர் பக்கத் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். நாலு மணிக்கு எழுந்து மாடு கறந்து, கிராணி வீட்டுக்குப் பால் ஊற்றி, பிள்ளையை ஆயக்கொட்டகையில் விட்டு, பெரட்டுக்கு ஓடியவர். மத்தியானம் வந்து புல் அறுப்பார். பினாங்கிலிருந்த தம்பி வீட்டில் அவர் ஒரு ராத்திரி தங்கியதாக யாருக்கும் நினைவில்லை. கேட்டால் ஒரே பதில்: "மாட்டை யாரு பாக்குறது?" நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். தம்பியின் காரியத்துக்குக்கூட பாட்டி மாலையே திரும்பிவிட்டார் என்பதை அம்மா எனக்குச் சொன்னது ரொம்பப் பிந்தித்தான்.

அதைத் தோழியிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் பக்கம் பேசியதாக ஆகியிருக்குமா, அண்ணன் பக்கமா என்று எனக்கே தெரியவில்லை.

சாலை மூடிய நாள்

டிசம்பர் 30. கணவரின் உறவினர் பண்ணையில் இவர்களின் இரண்டு இளங்குதிரைகள் வெளியிலேயே குளிர்காலத்தைக் கழிக்கின்றன. அவற்றைப் பார்க்க, ரெய்க்யவிக்கிலிருந்து கிழக்கே 95 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஹெல்லா பக்கம் போனோம். வெள்ளை வெளேரென்ற நிலத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் சுற்றிய புல்லுருளைகள். கோடையில் அறுத்து, பாதி காய்ந்ததும் காற்றுப் புகாமல் சுற்றி வைப்பது. ஒன்றைக் கிழித்தபோது வந்த வாசம், ஊறுகாய் ஜாடி திறந்த மாதிரி இனிப்பும் புளிப்பும். எட்டுக் குதிரைகள் காற்றுக்கு முதுகைக் காட்டி, தலையைத் தொங்கப்போட்டு, பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி நின்றன. முதுகில் பனி உருகாமல் கிடந்தது. அது நல்ல அறிகுறி, உள்சூடு வெளியே கசியவில்லை என்று அர்த்தம் என்றார் கணவர்.

வானிலை நிலையம் ஆரஞ்சு எச்சரிக்கை விட்டிருந்தது. நாலு மணிக்குள் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தோம். மூன்று மணிக்கே, நகரத்துக்குப் போகும் வழியில் உள்ள ஹெல்லிஸ்ஹெய்தி மலைச்சாலையை மூடிவிட்டார்கள். அந்த நாட்டில் சாலையை மூடினால் மூடியதுதான், கெஞ்சிப் பயனில்லை. பண்ணையிலேயே ராத் தங்க வேண்டியதாயிற்று.

தோழிக்கு முகம் வெளிறிவிட்டது. ஐந்து மணிக் கஞ்சி, பத்து மணிக் கஞ்சி, விடிந்தால் ஆறு மணிக் கஞ்சி. கணவர் ஒரே ஓர் அழைப்புதான் செய்தார். அதே லாயத்தில் ஆறு குடும்பங்கள் இடம் வைத்திருக்கின்றன. அடுத்த தடுப்பில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர், தனியாள். மற்ற குதிரைகளுக்குப் புல் போடுவதை அந்த ஆறு குடும்பமும் முறை வைத்துத்தான் செய்கிறார்கள். காப்பி அறைச் சுவரில் அட்டவணை தொங்கும். கிரானாவின் கஞ்சி மட்டும் அந்த அட்டவணையில் இல்லை. தோழி அதை யாரிடமும் கேட்டதே இல்லை.

பத்தேகாலுக்கு ஆசிரியையிடமிருந்து படம் வந்தது. காலி வாளி. கீழே ஒரு வரி. கணவர் மொழிபெயர்த்தார்: "முழுவதும் சாப்பிட்டது. தண்ணீரும் குடித்தது. இன்னும் கேட்டது, கொடுக்கவில்லை."

தோழி அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நிம்மதிப் பெருமூச்சு வரும் என்று எதிர்பார்த்தேன். "எனக்கு என்னமோ மாதிரி இருக்குடி" என்றாள். "என் கையால குடுத்தாத்தான் சாப்பிடும்னு நெனச்சேன்."

அன்று காலைதான் நான் வீட்டுக்குக் காணொளியில் பேசியிருந்தேன். மகன் திரையில் ஒரு வினாடி வந்து, "அம்மா, பாட்டி இட்லி சுட்டாங்க" என்று சொல்லிவிட்டு ஓடிப்போனான். ஐந்து நாளாக அழவே இல்லையாம். என் அம்மா அதை நல்ல செய்தியாகத்தான் சொன்னார். அதனால் தோழியின் 'என்னமோ மாதிரி' எனக்கு விளங்கியது. இருவரும் பண்ணை வீட்டுச் சமையலறையில், ஏலக்காய் மணக்கும் 'கிளெய்னா' என்ற முறுக்கிப் பொரித்த பலகாரத்தைப் பாதித் தட்டு காலி செய்தோம். நம் வீட்டுத் தீபாவளிப் பலகாரத் தட்டில் வைத்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

புத்தாண்டு ஒலிபரப்பு

மறுநாள் மதியம் சாலை திறந்தது. அன்றுதான் டிசம்பர் 31. ஐஸ்லாந்தில் புத்தாண்டு இரவு என்றால், வாணவேடிக்கையை அரசாங்கம் விடுவதில்லை, ஒவ்வொரு வீடும் விடும். தன்னார்வ மீட்புப் படையினர் பட்டாசு விற்றுத்தான் தங்கள் செலவுக்குப் பணம் திரட்டுகிறார்கள்; ஆகவே வாங்குவது புண்ணியக் கணக்கிலும் சேர்ந்துவிடுகிறது. குதிரைகளுக்கோ அது ஆண்டின் மிக மோசமான இரவு. சன்னல்களை மூடுங்கள், விளக்கை எரியவிடுங்கள், வானொலியைப் போட்டு வையுங்கள் என்று அதிகாரிகளே ஆண்டுதோறும் அறிவுரை சொல்கிறார்கள்.

வானொலியைப் போட்டு வையுங்கள். இதைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட தொழில் பெருமையை மறைக்க விரும்பவில்லை.

பத்து மணிக்கு லாயத்தில் பதினைந்து பேர் இருந்தோம். காப்பிக் குடுவை, புகையில் வாட்டிய ஆட்டிறைச்சி, கம்பளிச் சட்டைகள். சன்னல்களில் பழைய போர்வைகளை அடித்திருந்தார்கள். ஐஸ்லாந்து வானொலியைப் போடலாமா என்று ஒருவர் கேட்க, ஆசிரியை கையை ஆட்டி மறுத்து, தோழியின் கைப்பேசியைச் சுட்டிக் காட்டினார். அங்கே இரவு பத்து, மலேசியாவில் புத்தாண்டுக் காலை ஆறு. எனக்குப் பதிலாக உட்கார்ந்திருந்த தம்பி உற்சாகமாக வாழ்த்துச் சொன்னார், இரண்டு இடத்தில் நாக்குத் தடுமாறினார், பிறகு இளையராஜா பாட்டொன்றைப் போட்டுத் தப்பித்துக்கொண்டார். அங்கிருந்த ஒருவருக்கும் ஒரு சொல்லும் புரியவில்லை. குதிரைகளுக்குப் பழக்கமான ஓசை அது. கிரானா காதைத் திருப்பியது.

பதினொன்றரை மணிக்குமேல் வெளியே போர்க்களம். சுவர் அதிர்ந்தது. தோழியின் ஐந்து வயதுக் குதிரை வட்டமடித்துக்கொண்டே இருந்தது; கணவர் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். கிழவி மட்டும் அசையவில்லை. செவிடாகிக்கொண்டு வருகிறது போலும் என்று ஆசிரியை சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். என் குரலுக்குக் காதாட்டிய கதை அத்தோடு கொஞ்சம் அடிவாங்கியது.

பன்னிரண்டரைக்குச் சத்தம் தணிந்ததும், தோழி காப்பி அறைக்குள் போனாள். எனக்குத் தெரிய அவள் யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகியவள் இல்லை. விடுதியில் ஒரே போர்வையில் நடுங்கியவள். பக்கத்து அறையில் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அவள் ஐஸ்லாந்து மொழியில் மெதுவாகப் பேசினாள். அம்மா என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது; அவர்களும் 'அம்மா' என்கிறார்கள், பாட்டியை. ஆசிரியை எழுந்து அட்டவணையைச் சுவரிலிருந்து கழற்றி மேசையில் வைத்தார். பின்பக்கத்தைத் திருப்பிக் கோடு போட்டார். மூன்று பத்திகள்: ஆறு, பதினேழு, இருபத்திரண்டு.

ஜனவரி 3ஆம் தேதி ஆறு மணிக் கட்டத்தில் என் பெயரை எழுதினார்கள், பயிற்சிக்காக. தனியாகப் போனேன். வாளியில் நாலு விரற்கடை குறைந்திருந்தது. மூன்று குவியல், ஈரமானவை. கஞ்சியில் கட்டி இருந்தது என்று நினைக்கிறேன். கிரானா ஒன்றிரண்டை என் சப்பாத்து மேல் துப்பியது. மற்றதைத் தின்றது.

பிப்ரவரியில் தோழி ஈப்போ வந்தாள். அம்மா இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வருகிறாராம். அண்ணன் இன்னும் முழுதாகச் சமாதானமாகவில்லை. மயிலை இந்த வசந்தத்தைத் தாண்டாது என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருப்பதையும், அந்த நாளுக்கு மட்டும் தான் அங்கே இருந்தாக வேண்டும் என்பதையும் அவள் எனக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

வந்த இரண்டாம் நாள் காலை, நான் ஆறு மணிச் செய்தியை முடித்து முதல் பாட்டைப் போட்ட நேரத்தில், அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. ஆசிரியை அங்கிருந்து அவளுக்கு அனுப்பி, அவள் ஈப்போவிலிருந்து எனக்கு அனுப்பியது. லாயத்துச் சன்னல் விளிம்பில் ஒரு கைப்பேசி. திரையில் எங்கள் நிலையத்தின் சின்னம். பக்கத்தில் கவிழ்த்து வைத்த காலி வாளி.